சிறு குழந்தைகளுக்கு வகுப்பறை விதிகள்: எழுதி ஒட்டுவதா, செய்து பழக்குவதா, கூடி வகுப்பதா?

பள்ளி திறந்த முதல் நாள் காலையில் ஐந்து விதிகளைப் பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். குழந்தைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். "வகுப்பறைக்குள் ஓடக் கூடாது" என்பதை எல்லாரையும்விட உரக்கச் சொன்ன ஐந்து வயதுச் சிறுவன், பத்து நிமிடம் கழித்து மணி அடித்ததும் எல்லாருக்கும் முன்னால் வாசலை நோக்கி ஓடினான். அவனை நிறுத்தி, "காலையில் என்ன சொன்னோம்?" என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஓடக் கூடாது டீச்சர்" என்று தெளிவாகப் பதில் சொன்னான். அவன் அடங்காத பிள்ளை அல்லன். அந்த வாக்கியம் அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது; மணி அடிக்கும்போது கால்களை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அதை நான் கற்பிக்கவே இல்லை என்பது எனக்கு அன்று மாலைதான் உறைத்தது.

மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர் முன் பொதுவாக ஆறு வழிகள் இருக்கின்றன. எழுதி ஒட்டிச் சொல்லவைக்கலாம், செய்துகாட்டிப் பழக்கலாம், விளையாட்டின் வழியே பழக்கலாம், கதையையும் கைப்பாவையையும் கொண்டு பேசவைக்கலாம், குழந்தைகளோடு கூடி விதியை வகுக்கலாம், ஸ்டிக்கர் போன்ற பரிசு கொடுத்து ஊக்கலாம். இவற்றில் நடுவிலுள்ள நான்கையும் செயல்வழிக் கற்றல் என்று சொல்லலாம். ஆனால் செயல்வழி நல்லது, மற்றவை கெட்டவை என்று முடித்துக்கொண்டால் முடிவெடுக்க வேண்டிய ஆசிரியருக்கு அதனால் ஓர் உதவியும் இல்லை. அந்த நான்குக்குள்ளும் பெரிய வேறுபாடுகள் உண்டு. ஒரு விதிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் வழி இன்னொரு விதிக்கு வீண்வேலையாகிவிடும். சில நேரங்களில் தீங்காகவும் முடியும். எனவே "என் வகுப்புக்கு எந்த வழி?" என்று கேட்பதைவிட, "இந்த விதி எத்தகையது, அதற்கு எந்த வழி?" என்று கேட்பதே சரி என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் ஆறு வழிகளையும் எடைபோடுகிறேன்.

சுவரில் ஒட்டிய பட்டியல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சார்ட் கற்பிக்காது, கற்பித்ததை நினைவூட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே பழகாத குழந்தைக்கு எழுத்தாலான பட்டியல் சுவரின் அலங்காரம் மட்டுமே. அதே சார்ட்டில் அந்த வகுப்புக் குழந்தைகளே வரிசையில் நிற்பதையும் புத்தகத்தை அடுக்குவதையும் படமாக வைத்தால், ஆசிரியர் வாய் திறக்காமல் விரலால் சுட்டிக்காட்டியே விதியை நினைவுபடுத்த முடியும். ஐந்துக்கு மேல் விதிகள் இருந்தால் எதுவும் நிற்பதில்லை; நான்கு வயதுக் குழந்தைகளுக்கு மூன்றே போதும்.

விதியின் சொல்லமைப்பும் முக்கியம். தமிழில் மறுப்பு வினையின் கடைசியில் வருகிறது. "ஓடாதே" என்று நாம் கத்தும்போது குழந்தையின் காதில் முதலில் விழுவது ஓட்டம்தான். மறுப்பு வந்து சேர்வதற்குள் கால்கள் கிளம்பிவிடுகின்றன. அப்படியே முழுச் சொல்லும் கேட்டாலும், ஓடுவதை விட்டு வேறென்ன செய்வது என்பது அதில் இல்லை. "நடந்து போ" என்பதில் செய்ய வேண்டியது இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும், கூடாதவற்றை வரிசைப்படுத்துவதை விட்டுச் செய்ய வேண்டியதைச் சொல்வது, செலவே இல்லாமல் பலன் தரும் மாற்றம்.

செய்துகாட்டிப் பழக்குதல்

நாற்காலியை உள்ளே தள்ளுவது என்ற மிகச் சிறிய விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். முப்பது நாற்காலிகள் ஒரே நேரத்தில் தரையில் கிரீச்சிடும் வகுப்பறையில் இருந்தவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல என்பது தெரியும். குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, "நான் ஒன்று செய்யப் போகிறேன், பேசமாட்டேன், நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றேன். எழுந்தேன், நாற்காலியின் பின்பக்கத்தை இரு கைகளாலும் பிடித்தேன், லேசாகத் தூக்கி மேசைக்கடியில் வைத்தேன், நடந்து போனேன். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டதும், "எழுந்தீங்க", "நடந்தீங்க" என்று சில குரல்கள் வந்தன. பிறகு ஒரு சிறுமி, "ரெண்டு கையாலயும் பிடிச்சீங்க" என்றாள். "சத்தம் வந்ததா?" "வரல." "ஏன் வரல?" சற்று நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒருவன், "தள்ளல டீச்சர், தூக்கிட்டீங்க!" என்று கிட்டத்தட்டக் கத்தினான். அவன் குரலில் இருந்தது கண்டுபிடித்தவனின் மகிழ்ச்சி. அதே செய்தியை நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அது இன்னொரு கட்டளையாகக் காதில் விழுந்து போயிருக்கும்.

அதன்பின் அந்தச் சிறுமி செய்துகாட்டினாள். அவளையும் என்ன செய்தாள் என்று கவனித்துச் சொன்னார்கள். பிறகு ஒரு மேசைக்காரர்கள், பிறகு எல்லாரும். மொத்தம் ஏழெட்டு நிமிடம். அடுத்த மூன்று நாள்களும் ஒவ்வோர் இடைவேளைக்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கினேன். நான்காம் நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலிகள் முழுவதும் ஓசையின்றி உள்ளே போகவில்லை என்றாலும், சத்தம் வந்த இடத்தில் அந்தக் குழந்தையே திரும்பிப் பார்த்து மறுபடி தூக்கி வைத்தது.

இது புதிய வழி அல்ல. 1907 ஜனவரி 6-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், நாற்காலியைத் தூக்குவது, கதவை மூடுவது, பிறர் வேலைக்கு இடையூறு இல்லாமல் கடந்து போவது, காத்திருந்து பேசுவது ஆகிய எல்லாமே தனிப் பாடங்கள். அவற்றில் நான் மிக மதிப்பது ஒரு நுட்பத்தை: குழந்தை தவறு செய்த கணத்தில் இந்தப் பாடம் நடத்தப்படுவதில்லை. யாரும் யாரையும் இடிக்காத, அமைதியான வேறொரு நேரத்தில் அது நடக்கிறது. தவறிய கணத்தில் குழந்தைக்கு வெட்கமும் பயமும் இருக்கும். கற்கும் மனம் அப்போது இருக்காது.

இதற்கு ஆராய்ச்சியின் துணையும் உண்டு. எட்மண்ட் எம்மர், கரோலின் எவர்ட்சன், லிண்டா ஆண்டர்சன் ஆகியோர் அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களைக் கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து கவனித்து 1980-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டு முழுவதும் வகுப்பைச் சீராக நடத்தியவர்கள் முதல் சில வாரங்களில் விதிகளையும் அன்றாட நடைமுறைகளையும் ஒரு பாடத்தைப் போலவே விளக்கி, பழக்கி, திருத்திக் கற்பித்தவர்கள் என்று தெரியவந்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1970-இல், ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்திருந்தார். குழந்தை தவறு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதை வைத்து நல்ல ஆசிரியரையும் திணறும் ஆசிரியரையும் பிரித்தறிய அவரால் முடியவில்லை. தவறு நேராதபடி முன்கூட்டியே வகுப்பை நடத்திச் செல்லும் விதத்தில்தான் வேறுபாடு இருந்தது.

ஆனால் இந்த வழிக்குரிய குறைகளையும் மறைக்கக் கூடாது. முதலாவது, நேரம். முதல் இரண்டு வாரங்களில் பாடப்பகுதிகள் பின்தங்கும். பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடியில் உள்ள ஆசிரியருக்கு அது கனமான விலை. இரண்டாவது, காரணம் பேசப்படாமல் திரும்பத் திரும்பச் செய்யவைத்தால் இது அணிவகுப்புப் பயிற்சியாகிவிடும். ஆசிரியர் இருக்கும்வரை நடக்கும், அவர் வெளியே போனதும் நின்றுவிடும். மூன்றாவதை நான் அனுபவத்தில் கற்றேன். "தப்பாக எப்படிச் செய்வது என்று யார் காட்டுகிறீர்கள்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். பதினைந்து கைகள் உயர்ந்தன. நாற்காலியை இழுத்துக்கொண்டு போன சிறுவனுக்குக் கிடைத்த சிரிப்பும் கைதட்டலும், சரியாகச் செய்த எவருக்கும் அன்று கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் நாற்காலிகள் இழுபட்டன. தவறான செயலைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஆசிரியர் காட்டட்டும். நான்கு வயதினருக்கு அதுவும் வேண்டாம்.

விளையாட்டின் வழியே

அசையாமல் நில் என்று சொன்னால் ஒரு நிமிடம்கூட நிற்காத குழந்தை, காவல்காரனாக விளையாடும்போது சிலைபோல நிற்கும். இதைச் சோவியத் உளவியலாளர் மனுயிலென்கோ சோதனை செய்தே காட்டினார். 1948-இல் வெளியான அவரது ஆய்வில், வெறுமனே நிற்கச் சொன்னபோது நின்றதைவிட, விளையாட்டில் காவலர் வேடம் ஏற்றபோது குழந்தைகள் பலமடங்கு அதிக நேரம் அசையாமல் நின்றார்கள். அதற்கு முன்பே, அதே நாட்டு உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி இதற்கான விளக்கத்தைத் தந்திருந்தார்: கற்பனை விளையாட்டு எதுவும் விதியில்லாமல் இல்லை, அம்மாவாக விளையாடும் குழந்தை அம்மா எப்படி நடந்துகொள்வாரோ அந்த விதிக்குத் தன்னை உட்படுத்திக்கொள்கிறது, அதுவும் விருப்பத்தோடு.

மாண்டிசோரியின் மௌன விளையாட்டை நான் அடிக்கடி பயன்படுத்துகிறேன். எல்லாரும் ஓசையே இல்லாமல் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் அறைக்கு வெளியே நின்று ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் கிசுகிசுப்பாக அழைப்பார். அழைக்கப்பட்ட குழந்தை சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். தன் பெயர் எப்போது வரும் என்று மூச்சைக்கூட மெல்ல விட்டுக் காத்திருக்கும் முகங்களை ஒருமுறை பார்த்தவர்கள், "இந்த வயசுக்கு அமைதி வராது" என்று பிறகு சொல்லமாட்டார்கள். கைதட்டினால் நட, நிறுத்தினால் உறைந்து நில் என்பது போன்ற விளையாட்டுகளும், "தலையைத் தொடு என்றால் பாதத்தைத் தொட வேண்டும்" என்பது போன்ற தலைகீழ் விளையாட்டுகளும், கேட்டவுடன் பாயும் உடலைச் சற்று நிறுத்தி யோசிக்கவைக்கின்றன.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. விளையாட்டில் வந்த கட்டுப்பாடு தானாக வகுப்பு நேரத்துக்குத் தாவி வருவதில்லை. உறைந்து நிற்பதில் கெட்டிக்காரர்களான என் குழந்தைகள், கரும்பலகைப் பக்கம் திரும்பச் சொன்னபோது திரும்பவே இல்லை. விளையாட்டில் எந்த சைகையைப் பயன்படுத்தினோமோ அதே சைகையை வகுப்பிலும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் இரண்டும் இணைந்தன. அடுத்தது, தவறியவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் வழக்கம். எந்தக் குழந்தைக்கு இந்தப் பயிற்சி மிகத் தேவையோ, அந்தக் குழந்தைதான் முதல் சுற்றிலேயே வெளியேறி ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். யாரும் வெளியேறாத ஆட்டமாக மாற்றாவிட்டால், ஏற்கெனவே கற்றவர்களுக்கு மேலும் கற்பிப்பதாகவே இது முடியும்.

கதையும் கைப்பாவையும்

செயலைப் பழக்குவதற்கு இது ஏற்ற வழி அல்ல; காரணத்தை உணர்த்துவதற்கு ஏற்றது. ஒரு கைப்பாவையை "இது இன்னைக்குத்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கு, ஒண்ணும் தெரியாது" என்று அறிமுகப்படுத்தி, அது பக்கத்திலிருப்பவரின் வண்ணக்குச்சியைப் பிடுங்குவதாக நடித்தால், குழந்தைகள் பொங்கி எழுவார்கள். "கேட்டு வாங்கணும்!" என்று பாவைக்குக் கற்பிப்பார்கள். பிடுங்கப்பட்ட பொம்மை அழும்போது, வழக்கமாகப் பிடுங்கும் குழந்தையின் முகத்தில் தெரியும் மாறுதலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் பாவையைத் திட்டுவதில் கிடைக்கும் இன்பமே போதும் என்று குழந்தைகள் நின்றுவிடக்கூடும். பாவையை உட்காரவைத்துவிட்டு உடனே இரண்டிரண்டு பேராக "கொஞ்சம் தர்றியா?" என்று கேட்டு வாங்கிப் பழகவைத்தால்தான் கதை கைக்கு வரும். இன்னொன்று: காலையில் ஒரு குழந்தை அடித்திருந்தால் மாலையில் பாவை அடிப்பதாகக் கதை சொல்லக் கூடாது. யாரைப் பற்றிய கதை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

குழந்தைகளோடு கூடி வகுத்தல்

இந்த வழியைப் பற்றி ஆசிரியர்களிடையே பெரிய மதிப்பு இருக்கிறது, எனக்கும் உண்டு. ஆனாலும் இதைத்தான் மிக அதிகமாகத் தவறாகச் செய்கிறோம் என்று நினைக்கிறேன்.

குழந்தைகள் விதியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அறிய சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கோலிக்குண்டு விளையாட்டைத் தேர்ந்தெடுத்தார். ஜெனீவாவிலும் நெஷாட்டெலிலும் குழந்தைகளோடு அமர்ந்து ஆடி, விதிகள் எங்கிருந்து வந்தன, அவற்றை மாற்றலாமா என்று கேட்டு, 1932-இல் முடிவுகளை வெளியிட்டார். சிறு குழந்தைகள் விதிகளைப் பெரியவர்களிடமிருந்து வந்த, மாற்றவே கூடாத, புனிதமான ஒன்றாகக் கருதினார்கள். அதே சமயம் ஆடும்போது தத்தம் விருப்பப்படி ஆடினார்கள். பத்து வயதை ஒட்டித்தான், விதி என்பது ஆடுபவர்களின் உடன்பாடு, எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. உரக்கச் சொல்லிவிட்டு ஓடிய என் மாணவனைப் பியாஜே பார்த்திருந்தால் சற்றும் வியந்திருக்கமாட்டார்.

அப்படியானால் ஐந்து வயதினரிடம் விதி வகுக்கச் சொல்வது வீணா? இல்லை, எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "நம் வகுப்புக்கு என்ன விதி வேண்டும்?" என்று ஒருமுறை கேட்டேன். ஒன்றன்பின் ஒன்றாக இருபத்து மூன்று விதிகள் வந்தன. எல்லாமே "கூடாது" என்று முடிந்தன. கடிக்கக் கூடாது, துப்பக் கூடாது, டீச்சர் நாற்காலியில் உட்காரக் கூடாது. அவர்கள் புதிதாக எதையும் வகுக்கவில்லை; அதுவரை கேட்ட அதட்டல்களை எனக்கே திருப்பித் தந்தார்கள். அடுத்த ஆண்டு கேள்வியை மாற்றினேன். "நேற்று ஊஞ்சலுக்காகச் சண்டை வந்ததே, எல்லாருக்கும் முறை கிடைக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். ஒருவன் இருபது எண்ணலாம் என்றான். ஒருத்தி, இருபதுவரை எண்ணத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், பத்தை இரண்டு தரம் எண்ணலாம் என்றாள். அந்த விதி ஆண்டு முழுவதும் நின்றது. காத்திருப்பவர்களே எண்ணினார்கள், என்னிடம் ஒரு புகாரும் வரவில்லை. ஒட்டுமொத்தமாக விதிகளைக் கேட்டால் அதட்டலின் எதிரொலி வருகிறது. அவர்கள் உண்மையாகவே அனுபவித்த ஒரு சிக்கலைக் கேட்டால் தீர்வு வருகிறது.

தவிர்க்க வேண்டியது போலிக் கலந்தாய்வு. ஆசிரியர் தம் மனத்தில் ஐந்து விதிகளை வைத்துக்கொண்டு, குழந்தைகள் அவற்றைச் சொல்லும்வரை "வேற? வேற?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதைக் குழந்தைகள் விரைவில் புரிந்துகொள்கிறார்கள். அதன்பின் அவர்கள் யோசிப்பதில்லை, ஊகிக்கிறார்கள். மாற்ற முடியாத விதியை மாற்ற முடியாதது என்று நேர்மையாகச் சொல்லிவிடுவதே குழந்தைக்கு நாம் தரும் மரியாதை. தெருவுக்குத் திறக்கும் வாயிற்கதவைத் தாண்டிப் போகலாமா என்பதை வாக்கெடுப்புக்கு விட முடியாது.

ஸ்டிக்கரும் நட்சத்திரமும்

பரிசு வேலை செய்யாது என்று சொல்வது உண்மைக்கு மாறானது. ஹாரியட் பாரிஷ், முரியல் சாண்டர்ஸ், மாண்ட்ரோஸ் வுல்ஃப் ஆகியோர் 1969-இல் ஒரு நான்காம் வகுப்பில் செய்த சோதனையில், வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்து, விதி மீறலுக்கு அணியின் பெயரில் கரும்பலகையில் ஒரு குறியிட்டு, குறைவான குறி பெற்ற அணிக்குச் சில சலுகைகள் தந்தபோது, இடத்தை விட்டு எழுவதும் இடையிடையே பேசுவதும் வெகுவாகக் குறைந்தன. பின்னர் பல நாடுகளில் இது பின்பற்றப்பட்டது. கட்டுக்கடங்காமல் போய்விட்ட வகுப்பை நடுவாண்டில் ஏற்கும் ஆசிரியருக்கு இது மூச்சு விட நேரம் தரும்.

மறுபக்கத்தில், மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோரின் 1973-ஆம் ஆண்டு ஆய்வு இருக்கிறது. படம் வரைவதில் ஆர்வமுள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், பிறகு பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. இதைக் காட்டி எல்லாப் பரிசையும் ஒதுக்கிவிடுவோரும் உண்டு. அது சற்று அவசரம். அந்த ஆய்வு குழந்தைகள் ஏற்கெனவே விரும்பிச் செய்த செயலைப் பற்றியது; வரிசையில் நிற்பதை எந்தக் குழந்தையும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் கீழே விழுந்த தோழியைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவதைக் குழந்தை விரும்பியே செய்கிறது. அதற்கு ஸ்டிக்கர் ஒட்டினால், அடுத்த முறை தூக்கிவிடுவதற்கு முன் ஆசிரியர் பார்க்கிறாரா என்று அது திரும்பிப் பார்க்கும்.

அணிமுறையில் இன்னொரு ஆபத்து உண்டு. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதில் மெய்யாகவே இடர்ப்படும் ஒரு குழந்தை எந்த அணியில் இருக்கிறதோ, அந்த அணியின் கோபமெல்லாம் அதன் மேல் வந்து விழும். ஆறு வயதுக் குழந்தையின் மேல் பத்துப் பேரின் கோபம் விழுவதைப் பார்த்தபின், அந்தப் பலகையை நான் அன்றே அழித்துவிட்டேன்.

எந்த விதிக்கு எது

விதிகளைப் பிரித்தறிய அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியல் காட்டிய வேறுபாடு பெரிதும் உதவுகிறது: பிறரைத் துன்புறுத்துவது சார்ந்த விதிகள் வேறு, வழக்கமும் ஏற்பாடும் சார்ந்த விதிகள் வேறு. இதைப் பெரியவர்கள் சொல்லித்தான் குழந்தைகள் அறிவார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஜூடித் ஸ்மெட்டானா 1981-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பருவத்துக்கு முந்தைய வயதினரே இரண்டையும் வேறுபடுத்தினார்கள். அடிப்பது, விதியே இல்லாவிட்டாலும் தவறு என்றார்கள். இடம் மாறி உட்காருவது போன்றவை, விதி இல்லாவிட்டால் தவறில்லை என்றார்கள். எனவே "அடிக்கக் கூடாது" என்பதையும் "பையை அலமாரியில் வை" என்பதையும் ஒரே சார்ட்டில், ஒரே குரலில் கற்பிப்பது, குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த வேறுபாட்டை நாமே அழிப்பதாகும்.

பிறருக்கு வலி தரும் செயல்களுக்குக் கைப்பாவையையும் உரையாடலையும் தேர்ந்தெடுப்பேன். அடித்தால் வலிக்கும் என்பதுதான் அங்கே காரணம், அந்தக் காரணத்தைக் குழந்தை உணர்ந்து பேச வேண்டும். கத்தரிக்கோலைக் கொடுப்பது, படியில் இறங்குவது, வாயிற்கதவு ஆகிய பாதுகாப்பு விதிகளில் விவாதமும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. செய்துகாட்டி, ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியாகச் செய்துகாட்டும்வரை பழக்குவதுதான். வரிசை, கைதூக்குதல், பொருள்களை அடுக்குதல் போன்ற அன்றாட நடைமுறைகளுக்கும் செய்துபழகுதலே அடித்தளம். விளையாட்டு அதற்குத் துணை. முறை வைத்துக்கொள்வது, படிக்கும் மூலையை யார் எப்போது பயன்படுத்துவது, குழு வேலையில் யார் என்ன செய்வது ஆகியவை குழந்தைகளோடு கூடி வகுக்க வேண்டியவை. அவற்றில் எந்த முடிவு வந்தாலும் ஆபத்தில்லை, முடிவு அவர்களுடையதாக இருப்பதே ஆதாயம்.

இந்தப் பிரிவினையை வயதும் வகுப்பின் அளவும் சற்றே மாற்றும். மூன்று நான்கு வயதில் கூடி வகுப்பதை ஒன்றிரண்டு சிறு தேர்வுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏழு எட்டு வயதில் அதை முதன்மை வழியாகவே ஆக்கலாம். நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள வகுப்பில் எல்லாரும் எல்லாவற்றையும் செய்துபழக நேரம் இருக்காது. அங்கே ஒரு நாளைக்கு ஒரே நடைமுறையை எடுத்துக்கொண்டு, ஒரு குழு செய்ய மற்றவர்கள் பார்த்துச் சொல்ல, அடுத்த நாள் வேறு குழு செய்யலாம். பள்ளியில் பேசப்படும் மொழி புதிதாக உள்ள குழந்தைக்கும், கேட்பதில் குறைபாடு உள்ள குழந்தைக்கும், செய்துகாட்டுதல் எல்லா வழிகளையும்விட நியாயமானது. சார்ட்டும் கதையும் கலந்தாய்வும் மொழியை நம்பியவை.

எந்த வழியையும் தேர்வதற்கு முன் ஒருமுறை வகுப்பறையையே சுற்றிப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில் தினமும் நெரிசலும் தள்ளுமுள்ளும் இருந்தன. "தள்ளாமல் எடு" என்ற விதியை இரண்டு வாரம் பழக்கியும் பலனில்லை. பிறகு பார்த்தால், எல்லாப் பாட்டில்களும் கதவுக்குப் பின்னால் ஒரே அலமாரியில் இருந்தன; இரண்டு குழந்தைகள் நின்றால் மூன்றாவது குழந்தைக்கு இடமில்லை. பாட்டில்களை மூன்று இடங்களில் பிரித்து வைத்தோம். அன்றோடு அந்த விதிக்கு வேலை இல்லாமல் போயிற்று. முக்கால்வாசிக் குழந்தைகள் ஒரு விதியை மீறிக்கொண்டே இருந்தால் குறை பெரும்பாலும் விதியிலோ, இடத்திலோ, நேர ஒதுக்கீட்டிலோ இருக்கும். இரண்டு மூன்று பேர் மட்டும் மீறினால் அவர்களுக்குக் கூடுதல் பழக்கம் தேவைப்படும்.

தேர்ந்தெடுத்த வழி பலிக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் தருவேன். நான் கேட்கும் கேள்வி, குழந்தைகள் விதியைச் சொல்கிறார்களா என்பதல்ல; நான் நினைவூட்டாத நேரத்தில் செய்கிறார்களா, வேறு ஆசிரியர் வந்த நாளில் செய்தார்களா என்பதே. நீண்ட விடுமுறைக்குப் பிறகு எல்லாம் கலைந்திருந்தால் அது தோல்வி அல்ல. முதல் வாரத்தில் செய்ததைப் பாதி நேரத்தில் மறுபடி செய்தால் போதும்.

சென்ற கல்வியாண்டின் நடுவில் ஒரு சிறுமி புதிதாக வந்து சேர்ந்தாள். மதிய இடைவேளைக்கு மணி அடித்ததும் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள், அது கிரீச்சிட்டது. பக்கத்திலிருந்த சிறுவன் எழுந்தான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் நாற்காலியை இரு கைகளாலும் பிடித்து, மெல்லத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அவளைத் திரும்பிப் பார்த்து, "என்ன பார்த்தே?" என்று கேட்டான்.